கர்ட்டிஸுக்குப் படிக்கத் தெரியாத மொழியில்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. யாருடைய பொறாமை என்பதில்தான் எனக்கே தகராறு.

அமெரிக்காவின் ரீனோ நகரில் ஒரு சூதாட்ட விடுதியில் போக்கர் மேசையில் சீட்டுக் கலைத்துப் போடுவது என் பிழைப்பு. பதினாறு வருஷமாயிற்று. சம்பந்தம் என்ற பெயரை முதல் நாளே சாம் என்று நறுக்கிவிட்டார்கள். போன வருஷம் மார்ச்சில், ஒரு வியாழக்கிழமைப் பிற்பகல், லைல் அர்ரீட்டா என்பவன் தன் மச்சினனைப் பற்றி ஒரு பேச்சுப் பேசினான். அதைக் காதால் கேட்டேன். கேட்டுவிட்டு அடுத்த சீட்டைப் போட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘சியெரா மலைகளின் மேல் பனி இன்னும் உருகாத ஒரு—’ மலையை வைத்து ஆரம்பிக்கிறவனுக்கு மனிதர்களைப் பார்க்கப் பயம் என்று தோன்றியது. அடித்துவிட்டேன்.

அடுத்தது: ‘லைல் கெட்டவன் அல்ல—’ இதையும் அடித்தேன். அப்படி எழுதினால் கெட்டவன் என்று நீங்கள் முதல் வரியிலேயே முடிவு கட்டிவிடுவீர்கள்.

2

லைலுக்கு ஐம்பத்து மூன்று வயது. பக்கத்து ஊரான ஸ்பார்க்ஸில் பூட்டு, சாவிக் கடை. பாதிப் பங்கு அவனுடையது, மீதிப் பாதி மனைவி நடீனின் தம்பி கர்ட்டிஸுடையது. கடை சோறு போட்டது; குழம்புக்குப் போக்கர். செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் ஒன்றரை மணிக்கு வந்து உட்காருவான். ஐந்தரைக்கு எழுந்துவிடுவான். ஜெயித்துக்கொண்டிருந்தாலும் எழுந்துவிடுவான். ஒரு பொட்டலம் சூரியகாந்தி விதை, ஒரு பாட்டில் தண்ணீர், அவ்வளவுதான். மற்றவர்கள் விளையாட வந்தார்கள். அவன் வேலைக்கு வந்தான். பத்து ஆட்டத்தில் எட்டில் சீட்டைக் கவிழ்த்து விலகிவிட்டு, மற்றவர்கள் முகத்தைப் படித்துக்கொண்டிருப்பான். பதினோரு வருஷத்தில் கடையின் இரண்டாவது வேனும் நடீனின் பல் வைத்தியமும் அந்தப் பொறுமையில் வந்தவை.

அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவன் வந்து உட்கார்ந்ததும் பக்கத்து ஆள் பந்தயக் காசான தன் சில்லுகளைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்வான். லைல் அதைப் பார்ப்பான். பார்க்காத மாதிரி விதை கொறிப்பான்.

(இங்கே அவனுக்கு ஒரு சோகமான குழந்தைப் பருவத்தை எழுதினேன். ஸ்பெயினிலிருந்து வந்து ஆடு மேய்த்த பாஸ்க் இனத் தகப்பன், பேசாத வீடு என்று ஒரு பக்கம். தகப்பன் ஆடு மேய்த்தது நிஜம். ஆனால் அவர் ஊரையே சிரிக்க வைத்தவராம். பக்கத்தைக் கிழித்தேன்.)

3

கர்ட்டிஸ் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஏணியிலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டான். வேலைக்குப் போக முடியாது, வீட்டில் உட்கார முடியாது. “நானும் வரேன் அத்தான்” என்று ஒரு செவ்வாய்க்கிழமை தொற்றிக்கொண்டான். (அவர்கள் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். ஆனால் அந்தக் குரலில் இருந்தது ‘அத்தான்’தான். நான் வேறு எப்படி எழுத?)

கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்தவன் என்னைக் கேட்டான்: “சாம், ரெண்டு ஜோடி பெருசா, ஒரே சீட்டு மூணு வந்தா பெருசா?”

லைல் கண்ணை மூடிக்கொண்டான். “டேய், மானத்த வாங்காதடா.”

“தெரியாதத கேக்கிறதுல என்ன அத்தான் மானம்? நேத்து ஒரு பெருசு கூப்டாரு, இரும்புப் பெட்டிய திறக்கணும்னு. பூட்டு பழசு. மூணு மணி நேரம் மல்லுக்கட்டினேன். திறந்தா உள்ள என்ன இருக்கு? அந்தப் பெட்டியோட மாத்துச் சாவி! ‘பத்திரமா இருக்கட்டும்னு வெச்சேன்’கிறாரு!”

மேசை குலுங்கியது. சிரித்துக்கொண்டே ஒருவன், தோற்கப்போவது தெரிந்தே, கர்ட்டிஸின் பந்தயத்துக்குச் சில்லைத் தள்ளினான். தோற்றான். “எடுத்துக்கோப்பா, கதைக்கு வெச்சுக்கோ” என்றான்.

லைல் அப்போது விதை கொறிப்பதை நிறுத்தியிருந்தான்.

கட்டு அவிழ்ந்த பிறகும் கர்ட்டிஸ் வந்தான். அத்தான் செவ்வாய் வந்தால் மச்சினன் வியாழன். இருவரும் போனால் கடையில் நடீன். ஆறே மாதத்தில், லைல் நாலு மணி நேரம் முதுகு ஒடியச் சம்பாதித்ததைக் கர்ட்டிஸ் வாய் ஓயாமல் பேசிச் சம்பாதித்தான். ஆட்டமும் மெல்லக் கற்றுக்கொண்டான். ஆனால் அவன் ஜெயித்தது ஆட்டத்தால் அல்ல. அவனிடம் தோற்பது ஜனங்களுக்குப் பிடித்திருந்தது. ‘இன்னைக்குக் கர்ட்டிஸ் வராரா?’ என்று விடுதிக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு வந்தார்கள். ‘லைல் வராரா?’ என்று கேட்டவர்கள் வேறு காரணத்துக்காகக் கேட்டார்கள்.

லைலுக்கு இரண்டு விஷயம் பொறுக்கவில்லை. ஒன்று, தப்பாக ஆடுகிறவன் ஜெயிப்பது. இன்னொன்றை ராத்திரி சாப்பாட்டில் நடீன் சொன்னாள்: “அவன் வந்தப்புறம் நீயும் கொஞ்சம் சிரிக்கிற, நல்லா இருக்கு.” அவன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டான்.

* ஒரு சிறு குறிப்பு. எனக்கு இரண்டு சிறுகதைத் தொகுப்புகள் உண்டு. வாக்கியங்கள் சுத்தமானவை என்று விமர்சனத்தில் எழுதினார்கள். யாரும் சிரித்ததாகவோ அழுததாகவோ தகவல் இல்லை. கர்ட்டிஸ் இரும்புப் பெட்டிக் கதையைச் சொல்லி முடித்தபோது, அதை நான் சொல்லியிருந்தால் மாற்றுச் சாவியை முதல் வரியிலேயே போட்டுக் கெடுத்திருப்பேன் என்று நினைத்தேன். ஆகவே லைலின் வயிற்றெரிச்சலை நான் கற்பனை செய்யவில்லை. பார்த்து எழுதினேன், அவ்வளவுதான்.

4

மார்ச் மாத வியாழக்கிழமை. கர்ட்டிஸ் எங்கேயோ, சாவி உள்ளே மாட்டிக்கொண்ட ஒரு காரைத் திறக்கப் போயிருந்தான். அவன் இடத்தில் லைல். எதிரே ஹாலிஸ்.

ஹாலிஸுக்கு நாலு அடுக்குமாடிக் குடியிருப்புகள் சொந்தம். அவற்றின் பூட்டு வேலை முழுக்க லைல் கடைக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் வீட்டில் ஓர் ஆட்டம் நடக்கும். காசு உள்ளவர்கள், ஆடத் தெரியாதவர்கள், ஆட்டுக்கறி, ஒயின். அங்கே அழைப்பு இருந்தால்தான் போகலாம். பதினோரு வருஷமாக லைல் அந்த அழைப்புக்குக் காத்திருந்தான். ஒருமுறைகூட வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்டால் கிடைக்காது என்பது அவனுக்குத் தெரியும்.

ஹாலிஸ் சில்லை உருட்டிக்கொண்டே சொன்னார்: “இந்த ஞாயித்துக்கெழம கர்ட்டிஸ வீட்டுக்கு வரச் சொல்லலாம்னு இருக்கேன். என் சம்சாரம் அவன் கதையக் கேக்கணும்கிறா.”

லைல் தன் சீட்டைப் பார்த்தான். இரண்டு ராணிகள் என்று பின்னால் என்னிடம் சொன்னான். அரிதாக வரும் நல்ல சீட்டு அது.

“வீட்டுக்கா?” என்றான். “பூட்ட மாத்திட்டுக் கூப்பிடுங்க.”

மேசை சிரித்தது. பதினோரு வருஷத்தில் அவன் சொல்லி மேசை சிரித்தது அதுதான் முதல் தடவை. ஹாலிஸ் மட்டும் சிரிக்கவில்லை.

“ஏம்ப்பா? என்ன விஷயம்?”

‘சும்மா சொன்னேன்’ என்று சொல்லியிருக்கலாம். ஒரு மூச்சு விடுகிற நேரம். லைல் அந்த நேரத்தை முழுசாகப் போக விட்டான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்:

“ஒண்ணுமில்ல ஹாலிஸ். விடுங்க. அது எங்க குடும்ப விஷயம்.”

அதில் ஒரு பொய்கூட இல்லை. கவனியுங்கள், பொய்யான ஒரு சொல்கூட இல்லை. கையில் நல்ல சீட்டு இருப்பதுபோல் கட்டும் பொய்ப் பந்தயம் என் மேசையில் ஆயிரம் பார்த்திருக்கிறேன். அவ்வளவு சுத்தமாக ஒன்றைப் பார்த்ததில்லை. கர்ட்டிஸ் ஒரு குண்டூசியைக்கூட எடுத்தவனில்லை என்பது எனக்குத் தெரியும். ஆட்டக்காரர்களைப் பற்றிச் சீட்டுப் போடுகிறவன் வாய் திறக்கக் கூடாது என்பது விடுதியின் விதி. விதி இருந்தது எனக்கு வசதியாக இருந்தது.

5

ஞாயிற்றுக்கிழமை அழைப்பு வரவில்லை. கர்ட்டிஸுக்கு அப்படி ஒன்று வர இருந்ததே தெரியாது. மூன்று வாரம் கழித்து நாலு குடியிருப்புகளின் பூட்டு வேலையும் கார்சன் சிட்டிக் கடை ஒன்றுக்குப் போனது. பூட்டுக்காரனின் மேல் ஒரு சொட்டுச் சந்தேகம் விழுந்தால் போதும், அவனை யார் வீட்டுக்குள் விடுவார்கள்? அந்தச் சொட்டு தன் கடையின் பெயர்மேலும் சேர்ந்தே விழும் என்பதை, எதிராளியின் கையில் என்ன சீட்டு என்று இமையசைவில் சொல்லிவிடும் லைல் யோசிக்கவில்லை. வேனை விற்றார்கள்.

கர்ட்டிஸ் நேரே ஹாலிஸிடம் போய்க் கேட்டான். “மாத்திப் பாக்கலாம்னு தோணிச்சு” என்று அவர் கதவோரமே நின்று பேசி அனுப்பிவிட்டார்.

“என் வாய்தான் அத்தான்” என்றான் கர்ட்டிஸ். “அவர் குதிரை செத்தப்ப ஏதோ கிண்டலா சொன்னேன். அதான் மனசுல வெச்சிருப்பாரு. என் வாயால நம்ம ரெண்டு பேர் பொழப்பும் போச்சு.”

“விடுறா” என்றான் லைல்.

அதன்பின் கர்ட்டிஸ் மேசையில் பேசுவதை நிறுத்தினான். யாராவது கேட்டால், “இல்லப்பா, நான் எதையாவது உளறிடுவேன்” என்பான். பேசாத கர்ட்டிஸ் ஒரு சுமாரான ஆட்டக்காரன், தோற்கத் தொடங்கினான். அவன் பேச்சுக்காக வந்தவர்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். மே மாதம் செவ்வாய்க்கிழமை மேசையில் மிஞ்சியவர்கள் லைலைப் போன்ற ஆறு பேர்: பொறுமைசாலிகள், ஒருவர் சீட்டுக்கு ஒருவர் ஏமாறாதவர்கள். லைலின் வரும்படி பாதியாயிற்று. கடைசி ஒரு வருஷம் அவன் ஜெயித்ததில் எவ்வளவு, மச்சினன் கூட்டி வந்த கூட்டத்திலிருந்து வந்தது என்று அப்போதுதான் உறைத்தது.

‘அப்போது அவன் திருந்தி—’ என்று எழுதத் தொடங்கினேன். இல்லை. அவன் திருந்தவில்லை. கர்ட்டிஸ் பேசாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க முதல் இரண்டு வாரம் அவனுக்கு உள்ளூர இதமாகவே இருந்திருக்கிறது. அதையும் அவனே சொன்னான்.

6

ஜூனில் ஹாலிஸ் லைலை ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு அழைத்தார். ஓர் இடம் காலியாக இருந்தது. “குடும்பத்துல பிரச்சினை இருந்தும் யாரையும் காட்டிக் குடுக்காம இருந்த பாரு, அந்தக் குணம் பிடிச்சிருக்கு” என்றாராம்.

கர்ட்டிஸ்தான் அதிகம் சந்தோஷப்பட்டான். “அத்தான், கோட்டு ஏதும் போட்டுக்காத, வக்கீல் மாதிரி இருப்ப. கொஞ்சம் சிரி. தோத்தா அவங்கள மொறைக்காத.” தன் நல்ல சட்டையைக் கொடுத்தான். சேமித்து வைத்திருந்த ஒயினையும் கொடுத்தான்.

லைல் போனான். போகாமல் வழியில் காரைத் திருப்பினான் என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். ஆனால் போனான். எல்லோரையும்விடச் சரியாக ஆடினான், நிறைய ஜெயித்தான். ஆறு மணிக்கு ஹாலிஸின் மனைவி, “நீங்க கதை ஏதும் சொல்ல மாட்டீங்களா?” என்று கேட்டாளாம். பெட்டிக்குள் மாற்றுச் சாவி இருந்த கதையைச் சொல்லியிருக்கிறான். தனக்கு நடந்ததாக. யாரும் சிரிக்கவில்லை. சாவியை முதலிலேயே சொல்லிவிட்டான்.

அடுத்த வாரம் அழைப்பு இல்லை.

இதையெல்லாம் விடுதியின் கார் நிறுத்துமிடத்தில் என்னிடம் கொட்டினான். “நீ கேட்டுட்டுத்தான இருந்த சாம். நான் பொய் சொன்னேனா? சொல்லு.”

“சொல்லல” என்றேன்.

“கர்ட்டிஸ்கிட்ட சொல்லிடணும்னு தெனமும் கெளம்புறேன். அவன் என்னப் பாத்து மன்னிப்பு கேக்கிறான். வாய் வரல.”

7

முடிவுகளை எழுதிப் பார்த்தேன். லைல் சொல்லிவிடுகிறான், கர்ட்டிஸ் கட்டிப்பிடித்துக்கொள்கிறான்: மிட்டாய். நடீனுக்குத் தெரிந்து வீடு உடைகிறது: அவள் இந்தக் கதையில் ஒரே ஒரு தடவைதான் பேசினாள், அவள் தலையில் ஏன் போட வேண்டும்? ஹாலிஸுக்கு உண்மை—

நிஜத்தில் நடந்தது இது. இந்தச் செவ்வாய்க்கிழமை கர்ட்டிஸ் தனியாக வந்தான். மதியம் ஒரு மணிகூட ஆகவில்லை. மேசையில் யாருமில்லை. எனக்கு எதிரே உட்கார்ந்தான்.

“சாம், நீதான் எப்பவும் இங்க இருக்க. நான் ஹாலிஸ என்ன சொல்லிட்டேன்? எவ்வளவு மோசமா இருந்தாலும் பரவால்ல. தெரிஞ்சா மன்னிப்பு கேட்டு வேலைய திரும்ப வாங்கிடுவேன். அத்தானுக்காகவாவது.”

இந்தக் கதையை நான் தமிழில் எழுதுவதை மொழிப்பற்று என்று நினைத்திருந்தால் மன்னிக்கவும். கர்ட்டிஸுக்குத் தமிழ் தெரியாது. லைலுக்கும் தெரியாது. ரீனோவில் ஒருவருக்கும் சொல்லாததை முகம் தெரியாத உங்களிடம் சொல்லிவிட்டு, எழுதி முடித்த திருப்தியோடு படுக்கப் போகலாம் என்பது என் கணக்கு. நான் சொன்னால் என் வேலை போகும், ஒரு குடும்பம் பிரியலாம். சொல்லாவிட்டால், அவன் செய்யாத குற்றத்தை அவனே சுமப்பான். நல்ல கதைசொல்லி ஒருவன் ஊரில் குறைவான்.

அந்தக் குறைவு எனக்குச் சற்றுப் பிடித்திருக்கிறது. இந்த வாக்கியத்தை மூன்று தடவை அடித்து மூன்று தடவை திரும்ப எழுதினேன்.

இந்தத் தாளில் அவன் இன்னும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். நடந்தது முழுக்க இப்போது உங்களுக்கும் தெரியும். உங்களை எந்த விடுதி விதியும் தடுக்கவில்லை. நான் வாயைத் திறக்கிறேன்.

“கர்ட்டிஸ்,” என்கிறேன், “அது வந்து—”