கழுத்து அட்டை

வீட்டில் தமிழ் பேசக்கூடாது என்ற உத்தரவை ஆன்சி மிஸ் நல்ல தமிழில்தான் போட்டார். ஆங்கிலத்தில் போட்டிருந்தால் அன்றைக்குக் கூட்டத்துக்கு வந்திருந்த பெற்றோரில் பாதிப் பேருக்குப் புரிந்திருக்காது. முன்வரிசையில் இருந்த சண்முகசுந்தரம் தலையாட்டினார். எல்லாரும்தான் தலையாட்டினார்கள். ஆனால் அதை நிஜமாகவே செய்துவிட்டவர் அவர் ஒருவர்தான்.

அவருக்கு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை. தீப்பெட்டியை வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போ என்றால் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். ஏன், எதற்கு என்று கேட்கிற இடமில்லை அது. அப்படியே பழகிப்போன மனிதர். அன்று சாயங்காலமே நீலகிரி ஜெகதளாவில் இருந்த தன் வாடகை வீட்டுக்குள் தமிழுக்குத் தடை போட்டார்.

சங்கடம் என்னவென்றால், அவருக்கும் ஆங்கிலம் தெரியாது, மனைவி புஷ்பவல்லிக்கும் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் தொழிற்சாலைச் சுவரில் எழுதியிருந்தவை: டேஞ்சர், நோ என்ட்ரி, வேர் க்ளவுஸ். இதை வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தை எவ்வளவு தூரம் ஓட்டிவிட முடியும்? 'ரைஸ்' என்றால் சோறு வரும். 'பாத்' என்றால் வெந்நீர் வரும். அதற்குமேல் எதுவும் வராது. புருஷனைத் திட்ட வேண்டுமென்றால் புஷ்பவல்லி அவரைப் பின்பக்கம் முட்டைக்கோஸ் பாத்திக்குக் கூட்டிப்போய், குழந்தை காதில் விழாமல் திட்டிவிட்டு வருவாள். மழை நாளில் குடை பிடித்துக்கொண்டு திட்டினாள். குடையை அவர்தான் பிடித்தார்.

அதெல்லாம் சமாளித்துவிடலாம். மகள் ரேஷ்மாதான் விஷயம். ஒன்றாம் வகுப்பு. முன்பெல்லாம் அவர் வேலைவிட்டு வந்து படியேறும்போதே ஆரம்பித்துவிடுவாள். வேனை மறித்துக்கொண்டு காட்டெருமை நின்றது, டிரைவர் அண்ணன் ஹாரன் அடிக்காமல் அதைக் கும்பிட்டார், பின் சீட்டில் வினோத் வாந்தி எடுத்தான் என்று அவர் பூட்ஸைக் கழற்றி முடிக்கும்வரை வாய் ஓயாது. இப்போது "குட் ஈவ்னிங் டாடி" என்றாள். அவரும் குட் ஈவ்னிங் என்றார். அத்தோடு சரி. பிறகு பூட்ஸ் கயிறு அவிழ்கிற சத்தம் மட்டும் கேட்டது. இன்றைக்கு வேனில் என்ன நடந்தது என்று கேட்க அவருக்கு ஆசையாக இருந்தது. அதைச் சொல்லிக்கொள்ளவும் அவரிடம் ஆங்கிலம் இல்லை.

இத்தனைக்கும் பள்ளியிலிருந்து நல்ல செய்திதான் வந்தது. அங்கே ஒரு அட்டை வைத்திருந்தார்கள். தமிழ் பேசிப் பிடிபடுகிற பிள்ளை அதைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். அடுத்து தமிழ் பேசுகிற பிள்ளையைப் பிடித்துக் கொடுத்தால்தான் கழற்றலாம். ரேஷ்மா கழுத்துக்கு அது இதுவரை வந்ததே இல்லை என்று ஆன்சி மிஸ் போனில் பாராட்டினார். சண்முகசுந்தரம் அன்றைக்குக் கேன்டீனில் தன்னோடு வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார்.

அந்தப் பெருமையோடுதான் ஒருநாள் அரைநாள் லீவு போட்டு மகளைக் கூப்பிடப் போனார். சாப்பாட்டு நேரம். வேலிக்கு வெளியே நின்று பார்த்தார். பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருக்க, நடுவில் ரேஷ்மா நின்று கையை வீசி வீசிக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். கொம்பு வைத்துக் காட்டினாள், கும்பிட்டுக் காட்டினாள், வாந்தி எடுத்துக் காட்டினாள். வட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவள் பேசியது ஆங்கிலம் இல்லை. தமிழும் இல்லை. படுகு.

வகுப்பில் பாதிப் பேர் பக்கத்து மலைக் கிராமங்களான ஹட்டிகளிலிருந்து வருகிற படுகப் பிள்ளைகள், வீட்டில் படுகுதான் பேசுகிறவர்கள். மீதிப் பேர் அவர்களிடமிருந்து பிடித்துக்கொண்டுவிட்டார்கள். அட்டை தமிழுக்குத்தானே? ஆன்சி மிஸ் மார்த்தாண்டத்துக்காரர். வேலிப் பக்கம் வந்த அவரை விசாரித்தபோது, "அது இந்த ஊர்ப் பேச்சுதானே சார், அதுக்கு ரூல் எதுவும் வரல" என்றார். அதையும் ஒரு மொழி என்று யாரும் மதித்திருந்தால் அல்லவா தடை செய்யத் தோன்றும்.

அதற்குள் ரேஷ்மா அப்பாவைப் பார்த்துவிட்டாள். வீசிய கை அப்படியே இறங்கியது. வாய் மூடியது. வேலிக்குப் பக்கத்தில் வந்து, "குட் ஆஃப்டர்நூன் டாடி" என்றாள். சண்முகசுந்தரத்துக்கு அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழலாம் போலிருந்தது.

மறுநாள் தொழிற்சாலையில் தன் ஷிப்டில் இருந்த படுகர் போஜனிடம், 'இன்றைக்கு என்ன நடந்தது' என்பதைப் படுகில் எப்படிக் கேட்பது என்று கேட்டார். போஜன் அவரை மேலும் கீழும் பார்த்தார். இத்தனை வருஷம் ஒரே பெஞ்சில் சாப்பிட்டும் கேட்காத ஆள். ஆனாலும் சொல்லிக்கொடுத்தார். மத்தியானம் முழுக்க அதை வாய்க்குள் உருட்டிக்கொண்டே சண்முகசுந்தரம் வேலை பார்த்தார்.

சாயங்காலம் வீட்டுப்படியில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே அதைக் கேட்டார். தப்பும் தவறுமாகத்தான் வந்தது. ரேஷ்மா அவரையே பார்த்தாள். பிறகு அணை திறந்த மாதிரி கொட்டினாள், முழுக்கப் படுகில். அவருக்குக் காட்டெருமை மட்டும் புரிந்தது, அதுவும் கொம்பு வைத்துக் காட்டியதால்.

"மெதுவாச் சொல்லு சாமி. அப்பாவுக்கு ஒண்ணும் வெளங்கல."

வாயிலிருந்து வந்துவிட்டது. தமிழ். வீட்டுக்குள். புஷ்பவல்லி சமையலறை வாசலில் அப்படியே நின்றாள். ரேஷ்மா பேச்சை நிறுத்திவிட்டு உள்ளே போனாள். செருப்புப் பெட்டி மூடியில் ஓட்டை போட்டு, அம்மாவின் உல்லன் நூலைக் கோத்து எடுத்து வந்தாள். விதி விதிதான். அவர் மகள் அல்லவா? சண்முகசுந்தரம் குனிந்து கொடுத்தார். அவள் மாட்டிவிட்டாள்.

சோறு தின்னும்போதும் அட்டை அவர் கழுத்தில்தான் கிடந்தது. ரேஷ்மா சோற்றைப் பிசைந்துகொண்டே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் எழுந்து வந்து, அவர் முன்னால் தலையைக் குனிந்து நின்றாள்.

"கழுத்து வலிக்குதாப்பா? நான் தமிழ் பேசிட்டேன். எனக்குப் போட்டுருங்க."

சண்முகசுந்தரம் அட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இது அப்பா கழுத்துலயே கெடக்கட்டும் சாமி. நீ உக்காந்து மிச்சத்தச் சொல்லு."