இடுப்பில் வைத்த கை

ஈரமாக இருக்கும்போது எந்த நிறத்தையும் நம்பக்கூடாது என்பது துளியக்காவின் சட்டம். பெயின்ட் கடையின் பின்பக்கத்தில் இருபத்தெட்டு வருடமாக நிறம் கலக்கிறவள் அவள். கலந்ததை அட்டைத்துண்டில் ஓர் இழுப்பு இழுத்து, காயவிட்டு, வாசல் வெயிலில் பிடித்துப் பார்த்து, "இன்னும் ஒரு துளி கறுப்பு" என்பாள். அந்த ஒரு துளிக்காக அரை மணி நேரம் காத்துக் கிடந்த பெயின்டர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு வைத்த பெயர்தான் துளியக்கா. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள்.

முழங்கை வரை பெயின்டாக இருக்கிற பெண்ணால் போனைத் தொட முடியாது. அதனால் அதை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு ஆணியில் மாட்டியிருந்தாள். பேச்சுதான் எல்லாம். "இருபது நிமிஷம் கழிச்சு ஞாபகப்படுத்து, நாலாம் நம்பர் சாம்பல் காய்ஞ்சுதான்னு பார்க்கணும்" என்று கத்துவாள். இருபது நிமிடம் கழித்து அது பதிலுக்குக் கத்தும். அவள் சொன்னதை அப்படியே, ஏற்ற இறக்கம் எதுவும் இல்லாமல், பள்ளிப் பிள்ளை பாடம் ஒப்பிப்பது போல ஒப்பிக்கும். ஒருமுறை, "அந்தத் தொணதொணப்பு மனுஷன் வருவாரு, நான் இல்லைன்னு சொல்லணும்" என்று அதனிடம் சொல்லி வைத்திருந்தாள். அந்த மனிதரே எதிரில் நின்றுகொண்டிருக்கும்போது அது ஒப்பித்துவிட்டது. அவர் அதற்குப் பிறகு வேறு கடைக்குப் போகிறார். அப்போதாவது சத்தத்தைக் குறைத்திருக்கலாம். செய்யவில்லை.

வியாழக்கிழமை காலை அந்தப் பைக்குள் ஒரு செய்தி மின்னியது. நான்கு வருடமாகப் பேசாத தம்பியிடமிருந்து.

"அக்கா, எங்க வீட்ல குழாய் வெடிச்சு கீழ்த்தளம் பூரா தண்ணி. கம்ப்யூட்டர், பழைய ஆல்பம் எல்லாம் போச்சு. அம்மா படம் ஒண்ணுகூட இல்ல. அம்மாவும் நானும் வாசல்ல நின்னப்ப நீ எடுத்தியே, அது இருக்கா? ஞாயிறு பதினொரு மணிக்கு வரட்டுமா?"

துளியக்கா கையில் இருந்த குச்சியை வாளிக்குள்ளேயே விட்டுவிட்டாள்.

அந்தப் படம் இருந்தது. வீட்டில் சாப்பாட்டு மேசைக்கு மேலே சட்டம் போட்டுத் தொங்கியது. ஆனால் அதில் தம்பி இல்லை. அவனை வெட்டியவள் இவள்தான்.

அம்மா இடுப்பு எலும்பு முறிந்து படுத்தபோது, இரண்டு மாதம் தினமும் காலையும் மாலையும் பயிற்சி கொடுத்தது துளியக்கா. காலைத் தூக்கு, மடக்கு, நீட்டு என்று அம்மாவையும் அழவைத்து, தானும் குளியலறையில் போய் அழுதிருக்கிறாள். தம்பி சனிக்கிழமை தோறும் வந்து, ஒரு வாய் காபி குடித்துவிட்டு, அம்மாவிடம் ஊர்க்கதை பேசிவிட்டுப் போவான். அப்படி ஒரு சனிக்கிழமை அவள் வேலை முடிந்து தெருவில் நடந்து வருகிறாள், வாசலில் அம்மா நிற்கிறார்! பக்கத்தில், கதவுக்கு உள்ளே இருட்டில் தம்பி. அம்மா வலது கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, நாட்டை ஆளுகிறவர் போல நின்று சிரித்தார். துளியக்கா நடுத்தெருவில் நின்று படம் எடுத்தாள். அவள் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய நாள் கிடையாது.

ஆறு மாதம் கழித்து அம்மா போனார். மூன்றாம் நாள், வீடு முழுக்க ஆட்கள் இருக்கும்போது, ஏதோ ஒரு சின்னப் பேச்சில் அவளுக்குப் பொறி கிளம்பிவிட்டது. "அம்மாவை எழுப்பி நிக்க வெச்சது நானு. நீ விருந்தாளி மாதிரி வந்துட்டுப் போனவன். நீ என்ன செஞ்ச அம்மாவுக்கு?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். தம்பி வாயைத் திறந்தான், பிறகு மூடிக்கொண்டான். செருப்பை மாட்டிக்கொண்டு போனவன்தான். அன்று மாலையே அவள் போனில் அந்தப் படத்தை எடுத்து, விரலால் ஓரத்தை நகர்த்தி, அவனை வெளியே தள்ளிவிட்டுச் சேமித்தாள். அப்போது மனசு குளிர்ந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

இப்போது அவன் கேட்கிறான். அவனுக்கு அம்மாவோடு வேறு படமே இல்லை. அதை அவள் கத்தரித்துக் குப்பையில் போட்டாயிற்று. என்ன முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

"வா" என்று மட்டும் பதில் அனுப்பினாள்.

அன்று மதியம், போதாக்குறைக்குப் பல் டாக்டர் ஒருத்தி கையில் பெயின்ட் டப்பாவோடு வந்து நின்றாள். கிளினிக் சுவருக்கு ஒட்டுப் போட, பழைய சுவரைப் படம் எடுத்துக்கொண்டு வந்து காட்டி, அதே பச்சையைக் கலந்து வாங்கிப் போனவள்.

"அக்கா, சுவத்துல அடிச்சா திட்டுத்திட்டா தனியா தெரியுது. நான் காட்டின கலர் இது இல்லை."

"நீங்க காட்டின கலரேதான் டாக்டர். உங்க படம்தான் பொய் சொல்லுது. படத்தைப் பார்த்துக் கலக்க மாட்டேன், சுவத்துல ஒரு சில்லு பேத்துட்டு வாங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்."

டாக்டர் போனை எடுத்துப் பார்த்தாள். பார்த்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ, நான்தான் இதுக்கு ஃபில்டர் போட்டிருக்கேன். மங்கலா இருந்துச்சுன்னு பளிச்சுனு ஆக்கினேன். இருங்க, அசலைக் காட்டறேன்."

"அசலா? அதான் மாத்திச் சேமிச்சுட்டீங்களே."

"மாத்தினாலும் அசல் போகாதுக்கா. 'திருத்து'ன்னு இருக்கில்ல, அதுக்குள்ள போய் 'அசலுக்குத் திரும்பு'ன்னு அழுத்தினாப் போதும். தனி நகலாச் சேமிக்காம, அதே படத்துல திருத்தியிருந்தா, அடியில முதல் படம் அப்படியே இருக்கும்." அவள் விரலை வைத்தாள். தளிர்ப் பச்சையாக இருந்த சுவர் சட்டென்று மங்கி, பழைய பாசிப் பச்சையாக நின்றது.

துளியக்கா போனை நோக்கிக் குனிந்தாள். "வெட்டியிருந்தா?"

"என்ன?"

"ஓரத்தை வெட்டியிருந்தா? வருஷக்கணக்கு ஆயிருந்தா?"

"அதுவும் வரும். அதே போன்தானே?"

அதே போன்தான். துளியக்கா டாக்டரை அப்படியே நிற்கவைத்துவிட்டுக் கையைக் கழுவப் போனாள். இருபத்தெட்டு வருடத்தில் வேலைக்கு நடுவே அவள் கை கழுவியதை யாரும் பார்த்ததில்லை.

டின்கள் அடுக்கியிருக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்தாள். படத்தைத் திறந்தாள். அம்மா மட்டும். திருத்து. அசலுக்குத் திரும்பு. "செய்த மாற்றங்கள் நீங்கிவிடும், சரியா?" என்று போன் கேட்டது. அந்தக் கேள்வியை அது நான்கு வருடம் முன்னாலேயே கேட்டிருக்கலாம். அழுத்தினாள்.

படம் ஒரு கணம் நடுங்கி, பக்கவாட்டில் விரிந்தது. கதவு முழுசாக வந்தது. கதவுக்கு உள்ளே தம்பி வந்தான். எங்கேயும் போகாதவன் போல, அதே இடத்தில், அதே கறுப்புச் சட்டையில் நின்றான். நாம் கோபத்தில் தூக்கி எறிந்ததை ஒரு மூலையில் மடித்து வைத்துக்கொண்டு, கேட்கும் நாள் வரை வாய் திறக்காமல் இருக்கிற பொருள் இந்த உலகத்தில் ஒன்று உண்டா! துளியக்கா இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டாள்.

ஆனால் அவன் முகம் இருட்டில் கிடந்தது. தெரு வெயிலில் எடுத்த படம். கதவுக்கு உள்ளே எல்லாம் ஒரே கறுப்பு. முகம் தெரியாத படத்தையா கொடுப்பது? வெளியே வந்து, டாக்டரிடம் வழி கேட்டாள். பளிச்சென்று ஆக்குவதை அழுத்தினால் வெயில் பட்ட இடமும் சேர்ந்து வெளுத்துவிடும், 'நிழல்' என்று ஒன்று தனியாக இருக்கிறது, அதை மட்டும் மெல்ல மேலே நகர்த்துங்கள் என்றாள் டாக்டர். அது துளியக்காவுக்குப் பாடம் எடுத்துப் புரியவைக்க வேண்டிய விஷயமா? ஒவ்வொரு துளியாக ஏற்றினாள்.

தம்பியின் முகம் வந்தது. வேர்த்திருந்தது. சிரிக்கவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். இன்னும் ஒரு துளி. அவன் தோள் சாய்ந்திருந்தது, மூட்டை தூக்குகிறவன் தோள் போல. அவன் கை அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் மறைந்தது. துளியக்காவின் கண் தானாக அம்மாவின் மறுபக்கத்துக்குத் தாவியது. அங்கே, அம்மாவின் கறுப்பு ஸ்வெட்டரில், அம்மா இடுப்பில் வைத்த கைக்கு அடியில், நான்கு விரல்கள். அம்மாவின் விரல்கள் அல்ல.

அம்மா தானாக நிற்கவில்லை. இவன் நிறுத்தி வைத்திருந்தான்.

அந்த விரல்கள் வெட்டிய படத்திலும் இருந்தவை. சாப்பாட்டு மேசைக்கு மேலே, நான்கு வருடமாக, மூன்று வேளையும் அவள் தலைக்கு நேராக இருந்தவை. நாற்பது சாம்பல் நிறத்தைப் பெயர் சொல்லிப் பிரிக்கிற கண்ணுக்கு அது தெரியவில்லை. "நீ என்ன செஞ்ச அம்மாவுக்கு?" என்று கேட்டபோது அவன் வாயைத் திறந்து மூடியது ஞாபகம் வந்தது. அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

வெள்ளிக்கிழமை, டாக்டர் கொண்டுவந்த சில்லைப் பார்த்துப் பச்சையைக் கலந்து அவளிடம் நீட்டிக்கொண்டே போனிடம் சொன்னாள். தன்னைப் பற்றி அவளுக்குத் தெரியும். தம்பியைப் பார்த்ததும் வாய் வேறெதையாவது பேசும். "ஞாயிறு பத்து மணிக்கு ஞாபகப்படுத்து. தம்பி வந்ததும் முதல்ல மன்னிப்புக் கேட்கணும். படத்தை வெட்டினதைச் சொல்லணும். சாக்குச் சொல்லக்கூடாது. மூடியை நல்லா தட்டி மூடிக்குங்க டாக்டர்." அவன் வருவது பதினொன்றுக்கு. ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்து ஒத்திகை பார்க்கலாம் என்பது கணக்கு.

சனிக்கிழமை ஸ்டூடியோவில் முழுப் படத்தையும் பெரிதாக அச்சுப் போட்டு வாங்கினாள். ஞாயிறு காலை பழைய சட்டத்தைக் கழற்றினாள். சுவரில், சட்டம் இருந்த இடம் மட்டும் முதலில் அடித்த மஞ்சள் மாறாமல், சதுரமாகப் பளிச்சென்று இருந்தது. சுற்றிலும் சுவர் வெளுத்துப் போயிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதே அழைப்பு மணி அடித்தது. மணி பத்தாக இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

தம்பிக்கு முன்பக்கம் நரைத்திருந்தது. "பஸ் சீக்கிரம் வந்துடுச்சுக்கா."

"அதுக்கென்ன, உள்ள வா. சாப்பிட்டியா? ஏன்டா இப்படி இளைச்சுப் போயிட்டே? வீட்ல தண்ணி வடிஞ்சுதா?"

நினைத்ததுதான். வாய் எல்லாவற்றையும் பேசியது, அதை மட்டும் பேசவில்லை. தம்பி காபியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தான். மஞ்சள் சதுரத்தையே பார்த்தான்.

"இங்க என்ன இருந்துச்சு?"

"அது... ஒரு காலண்டர்."

சொல்லி வாயை மூடவில்லை, மேசையிலிருந்து போன், கடையில் கத்துகிற அதே சத்தத்தில் ஆரம்பித்தது. "நினைவூட்டல். தம்பி வந்ததும் முதல்ல மன்னிப்புக் கேட்கணும். படத்தை வெட்டினதைச் சொல்லணும். சாக்குச் சொல்லக்கூடாது. மூடியை நல்லா தட்டி மூடிக்குங்க டாக்டர்."

துளியக்கா பாய்ந்து எடுப்பதற்குள் அது முழுதாக ஒப்பித்து முடித்து, மறுபடி ஒருமுறையும் ஒப்பித்தது.

"யாருக்கா டாக்டர்?" என்றான் தம்பி.

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, அழுகைதான் ஜெயித்தது. ஒளித்து வைத்திருந்த பழைய சட்டத்தை எடுத்து அவன் மடியில் வைத்தாள். "நான்தான்டா வெட்டினேன். அம்மா போன மூணாம் நாளே வெட்டினேன். உன்னைக் கேட்ட கேள்வியை என்னையே கேட்டிருக்கணும். மன்னிச்சுக்கோடா." பிறகு புது அச்சை எடுத்து வைத்து, அந்த விரல்களைத் தொட்டுக் காட்டினாள். "இதை ஏன் நீ அன்னைக்கே சொல்லல?"

தம்பி காபியைக் கீழே வைத்தான்.

"அம்மா சத்தியம் வாங்கிட்டாங்கக்கா. 'அவ ரெண்டு மாசமா என்னோட மல்லுக்கு நிக்கிறா. நேத்து ராத்திரி, இனிமே அம்மா எழுந்திருக்கவே மாட்டாங்களோன்னு பாத்ரூம்ல அழுதது எனக்குக் கேட்டுச்சு. இன்னைக்கு நான் நின்னு காட்டலைன்னா அவ உடைஞ்சிடுவா. என்னைத் தூக்கிப் பிடி, ஆனா அவளுக்குத் தெரியக்கூடாது'ன்னாங்க. நீ தெருமுனை திரும்பறதை ஜன்னல்ல பார்த்துட்டுத்தான் தூக்கினேன். அதுக்கப்புறம் பத்து நாள்ல நிஜமாவே நின்னாங்களே, அது நீ குடுத்த பயிற்சிதான்." அவன் மூக்கை உறிஞ்சினான். "அம்மா செத்து மூணாம் நாள், அந்தச் சத்தியத்தை எப்படி உடைக்கிறது?"

அவன் போனை வாங்கி, அதே படத்தைப் பெரிதாக்கி, அம்மாவின் இடுப்புக்குப் போனான். "நிழலை இன்னும் ஏத்த முடியுமா?"

"இன்னும் ஒரு துளி ஏத்தலாம்" என்றாள்.

விரலை நகர்த்தினாள். ஸ்வெட்டரின் மடிப்பு விலகினாற்போல் வெளுத்தது. அம்மா இடுப்பில் கை வைத்திருக்கவில்லை. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து, தம்பியின் புறங்கைச் சதையைப் பிடித்துக்கொண்டிருந்தன.

"கிள்றாங்க" என்றான் தம்பி. "நான் மூச்சு வாங்கினேன், அது உனக்குக் கேட்டுடும்னு கிள்றாங்க. ரத்தம் கட்டிப் போச்சு, ஒரு வாரம் இருந்துச்சு."

அவனைக் கிள்ளிக்கொண்டே, தெருவில் நிற்கிற மகளைப் பார்த்து அம்மா அப்படிச் சிரித்திருக்கிறார்.

துளியக்கா எழுந்துபோய்ப் புது அச்சை, கூடவே வாங்கி வைத்திருந்த புதுச் சட்டத்தில் போட்டு அதே ஆணியில் மாட்டினாள். இது பழையதைவிட அகலம். மஞ்சள் சதுரம் முழுக்க உள்ளே போய்விட்டது. தம்பிக்கு இன்னொரு பிரதி எடுக்க இருவரும் சேர்ந்து ஸ்டூடியோவுக்குக் கிளம்பினார்கள். வாசலில் செருப்பு மாட்டும்போது அவள் அவன் புறங்கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. ஆனாலும் அவள் விடவில்லை, தெருமுனை வரை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள்.