ஒரு பக்கக் கன்னம்

கைறுன்னிஸா தன் முகத்தைத் தானாகவே கொண்டுவந்து ஸக்கியாவின் கையில் கொடுத்தாள். பழி தீர்க்கக் காத்திருப்பவளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

மாத்தளை கொங்காவலையில் வீட்டு முன்னறையையே தோல் சிகிச்சை கிளினிக்காக வைத்திருந்தாள் டொக்டர் ஸக்கியா. யுத்தம் முடிகிறதோ இல்லையோ, அந்த 2008இல் ஊர்ப் பணக்காரப் பெண்களுக்குக் ஒட்டிய கன்னத்தை ஜெல் ஊசி போட்டு நிரப்பிக்கொள்ளும் ஆசை வந்துவிட்டது. கைறுன்னிஸாவுக்குச் சீனி வருத்தத்தில், அதாவது நீரிழிவில், கன்னம் ஒட்டிப்போயிருந்தது; அவளுடைய கடைசி மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம்.

"மாப்பிள்ள வீட்டாக்கள் முன்னுக்கு இந்த மூஞ்சோட நிக்க ஏலாது டொக்டர்."

மாஸ்க் போட்டிருந்த டொக்டரை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. ஸக்கியாவுக்கா தெரியாது? பதினைந்து வருடங்களுக்கு முன் இரத்தோட்டையில் இருந்த பழைய வீட்டுக்கு, தங்கை மஸூதாவைப் பெண் பார்க்க வந்தவள் இவள். சின்ன வயதில் கட்டி வந்து ஆறியதில் மஸூதாவின் இடது கன்னம் குழிந்திருந்தது. வைத்த பலகாரத்தையெல்லாம் தின்று முடித்துவிட்டு, "எலி கடிச்ச மாங்கா மாதிரி இருக்கே" என்று சபையில் சிரித்தாள் மகராசி. அந்தப் பேச்சு ஊரெல்லாம் சுற்றியது. அதன் பிறகு மஸூதா யார் முன்னும் வந்து நிற்கவில்லை. இதே வீட்டுக்குள் இருந்தும் கிளினிக் பக்கம்கூட எட்டிப் பார்ப்பதில்லை. ஸக்கியாவின் வயிறு அன்றிலிருந்து எரிகிறது.

ஸக்கியா முகத்தைத் தொட்டுப் பார்த்தாள். தாடை எலும்பைத் தாண்டி மூக்கோரம் ஏறும் இரத்தக் குழாய் விரலுக்கடியில் துடித்தது. அதற்குள் ஜெல் போனால் தோல் கறுத்து அழுகும், கண்ணே போகலாம். கை ஒரு கணம் அங்கேயே நின்றது. சீ, அது கோழையின் வேலை. எலும்பு தட்டும்வரை ஊசியை இறக்கி, இரத்தம் வருகிறதா என்று பின்னிழுத்துப் பார்த்து, கண்ணுக்குக் கீழே நரம்பு வெளிவரும் துளையை விலக்கி, மெல்ல மெல்ல ஏற்றினாள். வலது கன்னம் அழகாக எழும்பியது.

ஒரு பக்கம் முடிந்ததும் கண்ணாடி கொடுப்பது அவள் வழக்கம். கொடுத்தாள். பிறகு கையுறையைக் கழற்றினாள், மாஸ்க்கையும் கழற்றினாள்.

"மத்தப் பக்கம் டொக்டர்?"

"இரத்தோட்டையில எங்கட வீட்டுக்கு வந்தீங்களே மாமி, ஞாபகம் இருக்கா? எங்கட தங்கச்சிக்கிட்ட மாப்பு கேளுங்க. இல்லாட்டி இப்பிடியே கல்யாணத்துக்குப் போங்க."

கைறுன்னிஸா மறுபடியும் கண்ணாடியைப் பார்த்தாள். ஒரு பக்கம் செழித்து, மறுபக்கம் ஒட்டிக் கிடந்தது. அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. பார்க்கப் பார்க்க ஸக்கியாவுக்கு இனித்தது.

கூப்பிட்டதும் மஸூதா முக்காட்டால் கன்னத்தை மூடிக்கொண்டு வந்தாள். விசயத்தைக் கேட்டுத் திகைத்து நின்றாள்.

"மாப்பு செய்ங்க மகள், வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்" என்று கைறுன்னிஸா அழுதேவிட்டாள்.

மஸூதா அழுகையைக் கவனிக்கவில்லை. கைறுன்னிஸாவின் இடது கன்னத்தைப் பார்த்தாள், வலதைப் பார்த்தாள். கிட்ட வந்து, நிரம்பிய கன்னத்தை விரலால் தொட்டாள். பிறகு அக்காவிடம் திரும்பினாள்.

"குழிய இப்பிடி நிரப்ப ஏலுமா ராத்தா?"

"ஏலும்."

"எப்ப இருந்து ஒங்களுக்கு இது தெரியும்?"

ஸக்கியாவுக்கு மூன்று வருடமாகத் தெரியும். என்றைக்காவது இந்தக் கிழவியை இழுத்துவந்து காட்டி அழவைக்க வேண்டும் என்றே அந்தக் குழியை அவள் தொடாமல் வைத்திருந்தாள்.

மஸூதா முக்காட்டை இறக்கிவிட்டு, கைறுன்னிஸாவுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"மாமிட மத்தப் பக்கத்த முடிச்சு அனுப்புங்க. எனக்கு ஒங்களோடதான் பேச இருக்கு."