பதினோரு விநாடி சூம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நாவல் எழுத உட்கார்ந்த ஒரு காலையில், அதை எழுதாமல், எனக்குத் தேவையே இல்லாத கேமரா லென்ஸ் ஒன்றைப் பற்றிய வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே ஒருவர் கேட்டிருந்தார்: ‘பின்னாடி சிரிக்கிற அம்மா யாரு?’ யாரும் பதில் போடவில்லை. அந்தச் சிரிப்புக்கு நானே ஓர் ஆளைத் தேடினேன்.

2

திருநின்றவூரின் வானம் அன்று…

(வேண்டாம். வானத்தை யாரும் சூம் செய்யப்போவதில்லை.)

பூமிகா, வயது இருபத்தாறு, கேமராக் கருவிகளைச் சோதித்துத் தமிழில் சொல்லும் சேனல் ஒன்றை நடத்துகிறாள்.

(விண்ணப்பப் படிவம் மாதிரி இருக்கிறது. ஆனால் விஷயம் புரிந்துவிட்டதல்லவா? இருக்கட்டும்.)

விநியோகஸ்தர் ஒருவர் அவளுக்கு ஒரு பவர் சூம் லென்ஸை இரண்டு நாள் இரவல் கொடுத்திருந்தார். வளையத்தைக் கையால் திருக வேண்டியதில்லை. பக்கத்தில் இருக்கும் லீவரை விரலால் தள்ளினால் உள்ளிருக்கும் மோட்டாரே தூரத்தை மெல்ல அருகில் இழுத்து வரும். அன்று மாலை ஐந்துக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். அவளை நம்பி ஒருவர் கொடுத்த முதல் லென்ஸ். ஒரு கீறல் விழுந்தால் அடுத்தது வராது.

மொட்டை மாடியில் ட்ரைபாடை நிறுத்தி, எதிரே விற்காத மனைகளுக்கு நடுவே கிடந்த சாலையைப் பார்த்துக் கேமராவைத் திருப்பினாள். கோடியில் யாரோ ஒரு பெண்மணி ஸ்கூட்டர் பழகிக்கொண்டிருந்தார். பூமிகா லீவரைத் தள்ளினாள். படம் வழுக்கிக்கொண்டு போனது. புடவை தெரிந்தது. முகம் தெரிந்தது.

மாவு அரைக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போன அவள் அம்மா பூவம்மாள்! பின்னாலேயே ஓடி வந்தவர் வண்டிக்குச் சொந்தக்காரர், பக்கத்துத் தெரு ஜானகியம்மாள்.*

3

பூவம்மாளுக்கு ஐம்பத்துமூன்று. போன வருஷம், வண்டி ஓட்டப் பழகட்டுமா என்று கேட்டபோது மகள் சிரித்தாள். “இந்த வயசுல இன்னாத்துக்குமா? எங்க போவணும்னு சொல்லு, நான் இட்டுக்கினு போறேன்.”

அப்புறம் அம்மா கேட்கவில்லை. எங்கும் போகவும் இல்லை.

(இதை எழுதிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்து வந்தேன்.)

4

ஸ்கூட்டர் சாய்ந்தது. பூவம்மாளும் விழுந்தாள்.

‘பூமிகா பதறியடித்துக்கொண்டு ஓடினாள்’ என்று எழுதி, அடித்துவிட்டேன். அவள்மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. உண்மையில் அவள் பதினோரு விநாடி லீவரிலிருந்து விரலை எடுக்கவில்லை. துளி நடுக்கம் இல்லாத சூம். ஃபோகஸ் அம்மாவின் முகத்தை விடவேயில்லை. நடுச்சாலையில் உட்கார்ந்தபடி அந்த முகம் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தது. பூமிகா வீட்டில் பார்த்திராத சிரிப்பு.

பிறகுதான் ஓடினாள்.

5

“அடி பட்டுச்சாமா?”

“நீ எங்கேர்ந்து வந்த?” பூவம்மாளின் முழங்கை சிராய்த்திருந்தது.

பூமிகாவுக்குப் பொய் வரவில்லை. மாடியைக் காட்டினாள். “மேலேர்ந்து படம் எடுத்துக்கினு இருந்தேன்.”

“நான் உளுந்தப்பவுமா?”

“ம்.”

ஜானகியம்மாள் வேறு பக்கம் பார்த்தார். பூவம்மாள் மகளையே பார்த்தாள்.

(இங்கே இருவரையும் அரைப் பக்கம் அழ வைத்திருந்தேன். பூவம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை.)

“நல்லா வந்துகீதா?” என்று கேட்டாள்.

“சூப்பரா வந்துகீதுமா. ஆனா போட மாட்டேன்.”

“இன்னாத்துக்கு? போடு. உளுந்தத மட்டும் போட்டா பாக்கறவங்க இன்னா நெனைப்பாங்க? ஓட்டுறதையும் எடு. கேமராவக் கீழ எடுத்துக்கினு வா.”

“மா… அன்னிக்கி நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.”

“அத்த அப்பால பேசலாம். வெயிலு சாயுது பாரு.”

6

மணி நாலரை. சாலை நடுவில் ட்ரைபாட். கோடியிலிருந்து பூவம்மாள் புறப்பட்டாள். பூமிகாவுக்கு லீவரைத் தள்ளவே வேலையில்லை. அம்மா தானாகப் பெரிதாகிக்கொண்டே வந்தாள். நேராக, லென்ஸைப் பார்த்து.

“பூவு, பிரேக்கு! பிரேக்கு!” ஜானகியம்மாள் கத்தினார்.

“அக்கா, எது பிரேக்கு?”

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் லென்ஸ் தப்பியது. இன்னொன்றில்… இரண்டையும் கிழித்துவிட்டேன். இப்போது பூமிகாவுக்குப் பக்கத்தில் நிற்பது நீங்கள்தான். ட்ரைபாடைத் தூக்குவீர்களா, அம்மாவைப் பிடிப்பீர்களா? சீக்கிரம் சொல்லுங்கள், வந்துவிட்டாள்.

* அப்பா எங்கே என்று கேட்பீர்கள். கும்மிடிப்பூண்டிக் கம்பெனியில் பகல் ஷிப்ட். கதைக்குள் விட்டால் அவரும் ‘நான் இட்டுக்கினு போறேன்’ என்பார்.