தறி நிறுத்தும் கயிறு

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பரீட்சை. எழுபத்திரண்டு வயதில் மருதாசலத்துக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. தேறினால் சூலூரில் சொந்த வீட்டிலேயே இருக்கலாம். தோற்றால் அன்றைக்கே மகள் சண்முகப்ரியாவோடு சென்னை ரயில்.

பரீட்சை வைத்தவளும் அந்த மகள்தான். இரண்டு மாதம் முன்பு மனுஷன் பாத்ரூமில் வழுக்கி விழுந்து மூன்று மணி நேரம் கிடந்தார். தொண்டை கிழியக் கத்தினார். ஒட்டின மாதிரி பக்கத்திலேயே திருமூர்த்தியின் தறிக்கூடம். பதினாறு விசைத்தறி போடுகிற சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? பால்காரர் வந்து பார்த்ததால் பிழைத்தார். அதற்குப் பிறகு காலையிலும் மாலையிலும் நர்ஸ் மெர்சி வந்து கவனித்துக்கொள்கிறாள். நடுவில் இருக்கிற பொழுதுதான் வம்பு. வீட்டில் போன் இருந்து என்ன பிரயோசனம்? விழுந்து கிடப்பவர் எழுந்து போயா நம்பர் சுழற்றுவார்?

"நீங்க உழுந்தா அஞ்சு நிமிசத்துல ஆள் வரோணும். அதைச் செஞ்சு காட்டுங்கப்பா, நான் சென்னைக்குக் கூப்புடவே மாட்டேன்" என்று மகள் போனில் கறாராகச் சொல்லிவிட்டாள்.

முப்பத்தைந்து வருஷம் மில்லில் வயர்மேனாக இருந்தவரிடமா இந்தச் சவால்! பாத்ரூமிலிருந்து வயர் இழுத்துத் தறிக்கூடத்தில் காலிங் பெல் வைத்தார். கேட்கவில்லை. மில் பெல் மாதிரி பெரிதாக ஒன்று வாங்கி வைத்தார். அதுவும் கேட்கவில்லை. சிவப்பு பல்பு மாட்டினார். தறி ஓட்டுகிறவர் கண் நூலை விட்டு நகர்ந்தால்தானே பல்பு தெரியும்! வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் எரிச்சலோடு நடந்தார்.

ஒருநாள் கரண்ட் போனது. மூச்சு விடுகிற நேரத்தில் தறிக்காரர் எட்டுப் பேரும் வெளியே வந்து நின்றார்கள். ஜன்னல் வழியே பார்த்த மருதாசலம் துள்ளிக் குதிக்காத குறை.

"மெர்சி அம்மணி! பெல்லு சத்தம் அவுங்களுக்குக் கேக்காது. தறி நின்னாத்தான் திரும்பிப் பாப்பாங்க. நாம தறிய நிறுத்திப்போடலாம்!"

"தறி திடீர்னு நின்னா துணியில கோடு உழுகுமேங்க மாமா" என்று தலையைச் சொறிந்த திருமூர்த்தி, மறுநாள் தானே வயர் சுருளோடு வந்து நின்றார். பாத்ரூமில் தொங்கும் நைலான் கயிற்றை இழுத்தால் வெளிச்சுவரில் உள்ள சுவிட்ச் விழும். தறிக்கூடத்து மெயின் ஸ்டார்ட்டர் அணைந்து தறியெல்லாம் நின்றுவிடும். நின்றதும் எல்லாரும் மருதாசலம் வீட்டுக்கு ஓடி வர வேண்டும் என்று பேச்சு.

பரீட்சை எந்த நாள் என்று தறிக்கூடத்தில் யாருக்கும் சொல்லக் கூடாது என்பது மகளின் கட்டளை. சனிக்கிழமை சென்னையிலிருந்து வந்து தெருவில் கைக்கடிகாரத்தோடு அவள் நின்றாள். மருதாசலம் தரையில் படுத்துக் கயிற்றை இழுத்தார். பதினாறு தறியும் ஒரே அடியாக ஓய்ந்தன. அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

ஆனால் வெளியே செருப்புச் சத்தம் எதிர்ப்பக்கமாகப் போனது. காலையிலிருந்து ஏற்கெனவே இரண்டு முறை கரண்ட் போயிருந்தது. இதையும் மூன்றாவது என்று நினைத்து, திருமூர்த்தி முன்னால் போக, கூட்டம் முழுக்க டீக்கடைக்கு நடையைக் கட்டியது!

மருதாசலத்துக்குப் பரீட்சை மறந்து போனது. அன்றைக்குக் கிடந்த மூன்று மணி நேரம் அப்படியே மேலே வந்து அமுக்கியது. நிஜமாகவே கத்தினார்.

"ஏனுங்க! யாராச்சும் வாங்களேன்!"

தறிச் சத்தம் இல்லாத தெருவில் அந்தக் குரல் டீக்கடை வரைக்கும் போனது. தடதடவென்று கால்கள் திரும்பி ஓடி வந்தன. கதவைத் தள்ளிக்கொண்டு முதலில் நுழைந்தவள் சண்முகப்ரியா. ஒரு காலில்தான் செருப்பு. அவள் பின்னாலேயே திருமூர்த்தி, கையில் டீ கிளாஸோடு. அதற்குப் பின்னால் தறிக்காரர்கள்.

"நீ வந்தது செல்லாது கண்ணு" என்றார் மருதாசலம் பதறிப்போய். "திருமூர்த்தி எப்ப வந்தாப்டின்னு பாரு. எத்தன நிமிசம்?"

அவள் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. ஈரத்தரையில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்கும் இப்படித்தான் கத்துனீங்களாப்பா?"

அவர் தலையாட்டினார். அவள் வாசலை அடைத்து நின்ற அத்தனை முகங்களையும் பார்த்தாள்.

"சென்னையில நான் காலையில ஆபீஸ் போனா ராத்திரி ஏழு மணிக்குத்தான் ஊட்டுக்கு வருவேன். அங்க நீங்க கத்துனா ஓடி வர யாருங்கப்பா இருக்காங்க?"