பாட்டிலில் மிச்சமிருந்த பால்

பாட்டிலில் பாதிக்கு மேல் பால் இருந்தது. தக்காளி உதட்டை இறுக மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள். பதினோரு மாதக் குழந்தைக்கு அப்பா வைத்த செல்லப்பெயர் அது. கன்னம் அப்படி.

அம்மாவுக்கு பிஸ்கட் தொழிற்சாலையில் எடை பார்க்கும் வேலை. பொட்டலத்தில் இரண்டு கிராம் குறைந்தாலும் எடுத்து ஓரமாகப் போட்டுவிடுவாள். அந்தக் கண்ணை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குள் வர அவளுக்குத் தெரியவில்லை. போன மாதம் வரை ஒரே மூச்சில் காலியான பாட்டில் இப்போது வேளைக்கு வேளை மிச்சத்தோடு திரும்பியது. ஒவ்வொரு தடவையும் மிச்சத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அளந்து பார்த்தாள்.

நாத்தனார் வேறு போனில் ஏற்றிவிட்டாள்.

"என் பையன் இந்த வயசுல பாட்டிலையே முழுங்கிடுவான். நீ வேலை வேலைன்னு ஓடினா பிள்ளை இளைக்காம என்ன செய்யும்?"

நல்ல மனுஷிதான். ஆனால் பிள்ளை வளர்ப்பு என்று பேச்சு வந்துவிட்டால், எதிராளிக்கும் மனசு உண்டு என்பது அவளுக்கு மறந்துபோகும்.

அன்று மாலை அம்மா கணவனைக் கூப்பிட்டாள். "நீங்க கையைப் பிடிச்சுக்குங்க. நான் ஸ்பூன்ல ஊத்தறேன்."

"அழறாளே."

"அழட்டும். அழுதாத்தான் வாயைத் திறப்பா."

பெற்றவள் பேசுகிற பேச்சா இது? பயம் பேச வைத்தது. கன்னத்தை அழுத்திப் புகட்டினாள். முதல் ஸ்பூன் வழிந்தது. இரண்டாவது புரையேறியது. அழுகை சட்டென்று நின்றது. குழந்தையின் உதடு நீலம் பாரித்தது. அப்பா அவளைக் கையில் குப்புறப் போட்டு முதுகில் தட்டினான். நாலைந்து தட்டுக்குப் பிறகு மூக்கிலும் வாயிலும் பால் வந்தது. பிறகு அழுகை வந்தது. அதைக் கேட்டு இருவரும் அழுதார்கள்.

உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டாக்டரம்மா நடந்ததை விசாரித்துவிட்டு, குழந்தையின் நெஞ்சில் கருவி வைத்துக் கேட்டார். பயமில்லை என்றார். பிறகு எடை பார்த்தார்.

"எடை நல்லாத்தான் ஏறியிருக்கு. என்ன சாப்பிடறா?"

"மசிச்ச காய், சோறு, முட்டை, வாழைப்பழம். மூணு வேளையும் நல்லா சாப்பிடுவா."

"ஒண்ணுக்குப் போறாளா?"

"ஆறேழு தடவை போறா."

"அப்புறம் என்னம்மா? சாப்பாடு ஏற ஏற பால் கொஞ்சம் குறையத்தான் செய்யும். தூங்கி எழுந்ததும் சத்தமில்லாத இடத்துல கொடுங்க. கப்புல கொடுத்துப் பாருங்க. திரும்பிக்கிட்டா எடுத்துடுங்க. எடை ஏறாம நின்னாலோ, ஒண்ணுக்குப் போறது குறைஞ்சாலோ, சோறும் வேண்டாம்னு துவண்டு கிடந்தாலோ உடனே தூக்கிட்டு வாங்க."

அம்மா தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "நான் பாட்டிலைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன் டாக்டர். இவளைப் பார்க்கவே இல்லை."

மறுநாள் காலையில் அப்பா கப்பை நீட்டினான். தக்காளி நாலு வாய் குடித்தாள், மேல்சட்டையில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டாள், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் கை தன்னையறியாமல் அவள் கன்னத்துக்குப் போனது. அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்க. பேச்சு வராத பிள்ளை வேற எப்படித்தான் வேண்டாம்னு சொல்லும்? அதைக் கேக்காம வாயில திணிக்கிறதும் பிள்ளையைப் போட்டு அடிக்கிறதும் ஒண்ணுதான். நேத்து நாம ரெண்டு பேரும் சேர்ந்து இவளை அடிச்சிருக்கோம்."