முன்வரிசை விறகு

1

இந்தக் கதை ஒரு சண்டையிலிருந்து வந்தது. எங்கள் பள்ளிப் பெற்றோரின் வாட்ஸாப் குழுவில் நேற்று நடந்த சண்டை. அதை வேடிக்கைக் கதையாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

முதல் தொடக்கம் இது: "லேனா நதிக்கரையில் ஜனவரி வந்துவிட்டால், மூச்சுக்கூட உறைந்து..."

வேண்டாம். மூச்சு உறைவதை இங்கே யார் கவனிக்கிறார்கள்? வெளியூர்க்காரர்கள் வியக்க வேண்டும் என்று எழுதியது.

இரண்டாம் தொடக்கம்: "ஐதாலினா என்று ஒரு சோம்பேறித் தாய் இருந்தாள்."

இதை அழிக்கப் போவதில்லை. நேற்று மதியம் வரை நானும் அப்படித்தான் நினைத்தேன். இருக்கட்டும்.

2

இந்த ஊர்ப் பள்ளியில் நான் இயற்பியல் ஆசிரியை. யாகுட்ஸ்க் நகரத்தில் படிப்பு முடிந்ததும் திரும்பி வந்தேன். நாலு பேர் முன்னால் பேச வராது. அதனாலோ என்னவோ, காலையில் பள்ளி முற்றத்து வெப்பமானியைப் பார்த்துத் தலைமையாசிரியரிடம் சொல்லும் வேலையை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். மைனஸ் நாற்பத்தைந்தைத் தாண்டினால் சின்ன வகுப்புகளுக்கு விடுமுறை. ஐம்பத்தைந்தில் எல்லோருக்கும்.

(அந்த வெப்பமானிக்குள் இருப்பது சாராயம். பாதரசம் இந்தக் குளிரில் எப்போதோ கட்டியாகியிருக்கும். கதைக்கு இது தேவையில்லை. தெரிந்ததைச் சொல்லிவிடும் ஆசை.)

நேற்றுக் காலை சின்ன வகுப்புகளுக்கு விடுமுறை என்று குழுவில் போட்டார்கள். இரண்டாம் வகுப்பு சயானாவின் அம்மா ஐதாலினா உடனே எழுதினாள்: "தொட்டதுக்கெல்லாம் மூடாதீங்க. நாமல்லாம் இதைவிடக் குளிர்ல நடந்து போகலையா?"

பள்ளி வேன் ஓட்டும் மத்வேய்: "புள்ளையத் தள்ளிவிட்டுட்டுத் தூங்கணும்னு நேராச் சொல்லேன் ஐதா."

பள்ளிச் சமையல்காரி ரயீசா: "ஒரு நாள் நீயே பொங்கிப் போட்டா கரண்டி தேஞ்சுடாதுடி."

மறுபடியும் மத்வேய்: "உன் வீட்டுக்காரன் நம்பின கேஸ் குழாய் என்னாச்சு? கதகதன்னு இருக்குமே! புள்ளையும் சுகமா உள்ளயே கெடக்கட்டும்."

சிரிக்கும் முகங்கள் வரிசையாக வந்தன.

கேஸ் விஷயம் ஊருக்கே தெரியும். போன வசந்தத்தில், குளிர் வருவதற்குள் வீட்டைச் சூடாக்கும் கேஸ் குழாய் எல்லாத் தெருவுக்கும் வந்துவிடும் என்று அதிகாரிகள் வந்து சொன்னார்கள். எல்லோரும் தலையாட்டிவிட்டு, வழக்கம்போல் காட்டுக்குப் போய் மரம் வெட்டினார்கள். ஐதாலினாவின் கணவன் மட்டும் நம்பினான். "புகை குடிக்கிறது உங்க தலையெழுத்து" என்று சொல்லிக் கோடரியைத் தொடவில்லை. குழாய் மேல்தெருவோடு நின்றுவிட்டது. அவன் வடக்கே சுரங்க வேலைக்குப் போய்விட்டான்.

ஆனால் அவர்கள் வாசலில் விறகு இருந்தது. எப்படியோ வாங்கிவிட்டார்கள் என்று நினைத்தோம்.

3

"நீங்க போய் ஐதாலினாகிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டு வாங்கம்மா" என்றார் தலைமையாசிரியர் புரோகோப்பி செம்யோனொவிச்.

"எனக்குப் பேச வராதுங்க சார்."

"அதனாலதான் உங்களை அனுப்புறேன்."

அவர்கள் வீடு கீழ்த்தெருவில். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் மாதிரி பள்ளத்தில் போய்த் தேங்கும். மேட்டிலிருக்கும் பள்ளி வெப்பமானிக்கு அந்தத் தெருவின் குளிர் தெரியாது.

வாசலில் விறகு வேலி உயரத்துக்கு நேர்த்தியாக அடுக்கியிருந்தது. எங்கள் ஊரில் ஒரு வீட்டை மதிப்பதற்கு முகத்தைப் பார்க்க மாட்டார்கள், விறகடுக்கைத்தான் பார்ப்பார்கள். முன்கதவைப் பனி அடைத்திருந்ததால் பக்கவாட்டில் சுற்றிப் போனேன். அடுக்கின் பின்பக்கம் தெரிந்தது. ஒரே ஒரு வரிசை. அதற்குப் பின்னால் வெறும் பனி, கொஞ்சம் மரத்தூள்.

உள்ளே சயானா தொப்பியும் மென்மயிர்க் கோட்டுமாகப் போர்வைக்குள் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். சுவர் மூலையில் உள்பக்கமே பனி. ஐதாலினா மாட்டுக்கொட்டில் பலகையை முழங்காலில் வைத்து உடைத்துக்கொண்டிருந்தாள்.

"கதவைச் சாத்துங்க டீச்சர், இருக்கிற சூடும் போயிடும்." நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "பின்பக்கமாவா வந்தீங்க?"

தலையாட்டினேன். அவள் முகம் சிவந்தது. என் முகமும்.

"முன்னாடி இருக்கிறதை எரிக்கலாமேக்கா."

"எரிச்சா தெருவுக்குத் தெரிஞ்சுடும்."

"தெரிஞ்சா குடுப்பாங்க."

"குடுப்பாங்க. மத்வேய் ஒரு வண்டி கொண்டாந்து கொட்டுவான். அப்புறம் சாகிற வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். என்னைச் சோம்பேறின்னு சொல்லட்டும், பரவால்ல. ஸ்கூல் இருந்தா இவ மத்தியானம் வரைக்கும் சூடா இருக்கா, சூப் குடிக்கிறா. அவ்வளவுதான் நான் கேக்குறது." பலகையைக் கீழே வைத்தாள். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"சொல்ல மாட்டேன்."

(இப்போது உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பெயர்களை மாற்றிவிட்டேன், நதியையும். விறகை மட்டும் மாற்ற முடியவில்லை. மாற்றினால் அவள் மறுபடி சோம்பேறித் தாய் ஆகிவிடுவாள்.)

"டீச்சர், நாளைக்கு ஸ்கூல் உண்டா?" என்று சயானா கேட்டாள்.

4

கட்டுரை மாதிரி ஒரு பத்தி. பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம்.

கடுங்குளிரில் பள்ளியை மூடுவது சரியா? சரிதான். காது உறைந்து கறுத்த பிள்ளையைப் பார்த்தவர்கள் வேறு பதில் சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்த விதி ஒன்றை நம்பி நிற்கிறது: எல்லா வீடும் வெளியைவிடச் சூடானது, பள்ளி அளவுக்காவது சூடானது. விதியை எழுதியவர்கள் வெளியில் வெப்பமானி வைத்தார்கள். வீட்டுக்குள் வைக்கவில்லை. வைத்திருந்தால்...

இந்த வாக்கியத்தை எப்படி முடிப்பது என்று தெரியவில்லை.

5

இன்று வெப்பமானி இன்னும் இறங்கிவிட்டது. நாளை எல்லா வகுப்பும் மூடப்படும். எனவே கதைக்கு முடிவு வேண்டும், இன்று சாயங்காலத்துக்குள்.

முடிவு அ: நான் வெப்பமானியைப் பார்த்துப் பொய் சொல்கிறேன். பள்ளி திறக்கிறது. யாரோ ஒரு பிள்ளையின் கன்னம் குளிரில் உறைந்து வெளுத்துப்போகிறது. முடியாது.

முடிவு ஆ: உண்மை தெரிந்து மத்வேய் மனம் கசிந்து விறகோடு வருகிறான். எல்லோரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். எழுதும்போது எனக்கும் அழுகை வந்தது. அதனாலேயே சந்தேகப்பட்டேன். அந்தக் கூட்டத்தில் ஐதாலினா தலை நிமிரவே இல்லை.

முடிவு இ: விடுமுறையானாலும் வந்துவிட்ட பிள்ளையைப் பள்ளி திருப்பி அனுப்பக் கூடாது என்றும் விதி உண்டு. சயானா வருகிறாள். காலி வகுப்பில் ஒருத்தி மட்டும். ஏன் வந்தாள் என்று மதியத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடுகிறது.

6

ஆகவே குழுவில் போட ஒரு செய்தி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

"சில வீடுகளில் குளிர்..."

எந்த வீடு என்று கேட்பார்கள்.

"இயற்பியலில் பின்தங்கிய மாணவர்களுக்கு..."

இரண்டாம் வகுப்பில் இயற்பியல் ஏது?

"எல்லோருக்கும் வணக்கம். என் வீட்டில் விறகு தீர்ந்துவிட்டது. போதுமான அளவு சேர்த்துவைக்கத் தெரியாமல் போய்விட்டது. நாளை விடுமுறையானாலும் இயற்பியல் அறையில்தான் இருப்பேன். தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது. சின்னப் பிள்ளைகளைத் துணைக்கு அனுப்புவீர்களா? வேன் வாசலுக்கே வரும். சூப் உண்டு."

என் வீட்டில் விறகு நிறைய இருக்கிறது. கொல்லைப்பக்கம் கிடப்பதால் யாருக்கும் தெரியாது. மத்வேய் ஒரு வண்டி கொண்டுவந்து என் வாசலில் கொட்டுவான். "சீக்கிரம் கல்யாணம் பண்ணிக்கிங்க டீச்சர், வர்றவன் விறகாவது வெட்டித் தருவான்" என்பான். கிழவியாகும் வரை சொல்லுவான். நினைக்கும்போதே காது சுடுகிறது. சுடட்டும்.

இன்னும் அனுப்பவில்லை. முடிவு என் கையில் இல்லை என்பதுதான் தயக்கம். நீங்களும் அந்தக் குழுவில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீடு சூடாக இருக்கிறது. பிள்ளை இன்னும் தூங்குகிறது. வெளியே வேன் நிற்கிறது. அசட்டு டீச்சர் ஒருத்திக்காகப் பிள்ளையை எழுப்பி, இரண்டு ஜோடி கையுறை மாட்டி அனுப்ப உங்களுக்கு ஒரு காரணமும் இல்லை. சயானா மட்டும் வந்தால் அவள் விறகில்லாத வீட்டுப் பிள்ளை. இன்னும் நாலு பேர் வந்தால் அது ஒரு வகுப்பு.

எழுப்புவீர்களா என்று எனக்குத் தெரியாது. தெரியாமலேதான் அனுப்புகிறேன்.